கோவலன் வேண்டாம், இளங்கோ வேண்டும்!

சிலப்பதிகாரத்தின் நாயகன் கோவலன். புகார் நகரத்துப் பெருவணிகன் மாசாத்துவானின் மகன். யாழ் மீட்டத் தெரிந்தவன், கானல்வரி பாடத் தெரிந்தவன். மதுரையின் புறஞ்சேரியில் மாடல மறையோன் சொல்லும் பழங்கதைகளைக் கேட்டால், மதயானையின் பிடியிலிருந்து ஒரு முதியவரை மீட்ட வீரன் என்பதும் தெரிகிறது. இத்தனை இருந்தும், உங்கள் தெருவில் ஒரு கோவலன் உண்டா? உங்களோடு படித்தவர்களில்? அலுவலகத்தில்? கண்ணகி இருப்பார், மாதவி நிச்சயம் இருப்பார், மணிமேகலை என்று ஓர் அத்தையோ சித்தியோ இருப்பார். கோவலனைத்தான் தேட வேண்டியிருக்கும்.

அவனை எழுதிய இளங்கோவுக்கோ பஞ்சமே இல்லை. வங்கியில் ஓர் இளங்கோ, மின்வாரியத்தில் ஓர் இளங்கோ, பையன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக ஓர் இளங்கோவன். கோவலனின் கதை தெரிந்த எந்தத் தகப்பனும் அந்தப் பெயரைத் தன் மகனுக்கு வைக்கத் துணிவதில்லை. கதையை எழுதியவரின் பெயரைத் தயங்காமல் வைக்கிறார்.

ஆண் பிள்ளைக்கு இலக்கியப் பெயர் வைப்பதில் தமிழர்களுக்கென்று ஒரு தனிப் புத்தி இருக்கிறது. காவியத்தின் நாயகனைவிடக் காவியம் செய்தவனைத்தான் நாம் வீட்டுக்கு அழைத்து வருகிறோம். கம்பன், கபிலன், பரணன், நக்கீரன், வள்ளுவன், பாரதி எல்லாருமே எழுதியவர்கள். ராமனும் கண்ணனும் நம் வீடுகளில் நிறைய இருக்கிறார்களே என்றால், அவர்கள் வந்தது கோயில் வழியாக, நூலகம் வழியாக அல்ல. சீவக சிந்தாமணியின் சீவகன் எட்டுப் பெண்களை மணந்தவன். அந்தப் பெயரை எப்போதாவதுதான் கேட்க முடிகிறது. மணிமேகலையின் பின்னால் அலைந்து வாளுக்கு இரையான சோழ இளவரசன் உதயகுமாரன் நம்மிடம் உதயகுமாராக நிறையவே இருக்கிறான். ஆனால் அந்தப் பெயரை வைத்தவர்கள் மணிமேகலைக் காப்பியத்தை எழுதிய சாத்தனாரை நினைத்து வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

காரணம் பெரிய மர்மமில்லை. பாத்திரத்தின் பெயர் அதன் கதியையும் கூடவே கூட்டிக்கொண்டு வரும். கோவலன் என்றால் சிலம்பு, கள்வன் என்ற பழி, கொலைக்களம். கவிஞனோ கதைக்கு வெளியே நிற்பவன். அவனிடம் நாம் எடுத்துக்கொள்வது அறிவை, அல்லது அறிவு என்று நாம் நம்புவதை. இளங்கோவுக்குக் கூடுதலாக ஒரு கதை உண்டு. அரசு உனக்குத்தான் என்று நிமித்திகன் சொன்னதும், அண்ணன் செங்குட்டுவன் மனம் கலங்கக் கூடாதென்று துறவு பூண்டவர் என்பது மரபு. அண்ணன் தம்பிச் சொத்துத் தகராறுகளுக்குப் பேர்போன ஒரு சமூகம் இந்தப் பெயரை விரும்பித் தேர்ந்தெடுப்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

பொருள் தெரிகிறது, ஆள் தெரியவில்லை

இப்போது பெயர் தேடும் முறை மாறிவிட்டது. குழந்தை வயிற்றில் இருக்கும்போதே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பட்டியல்கள் வந்து விழ ஆரம்பித்துவிடுகின்றன. ‘சங்க இலக்கிய ஆண் குழந்தைப் பெயர்கள்’ என்று தலைப்பு இருக்கும். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் ஒற்றைச் சொல்லில் பொருள்: வீரம் மிக்கவன், அழகானவன், ஒளி பொருந்தியவன். கணவனும் மனைவியும் ஆளுக்குப் பத்துப் பெயரைக் குறித்துக்கொண்டு, ஒன்றிரண்டில் ஒத்துப்போய், பாட்டியிடம் போய் நிற்கிறார்கள். “என்னடி இது, வாயில நுழையல” என்று பாட்டி சொல்ல, மறுபடியும் முதலிலிருந்து.

அந்தப் பட்டியல்களில் உள்ள பெயர்கள் எல்லாம் சங்க இலக்கியத்தில் இருப்பவை அல்ல. ஆதிரன் என்ற பெயர் இப்போது பரவலாக வைக்கப்படுகிறது. கேட்க நன்றாகவும் இருக்கிறது. ஆனால் இலக்கியத்தில் இருப்பவள் ஆதிரை. மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்ட பெண். அவள் பெயரிலிருந்து ஆண்பால் ஒன்றை நம் காலத்தவர்கள் செய்துகொண்டார்கள். யாழினியிலிருந்து யாழன் வந்ததும் இதே வழியில்தான். புதிதாகச் செய்வதில் தவறு எதுவும் இல்லை. எல்லாப் பெயரும் ஒரு நாள் யாரோ ஒருவர் புதிதாகச் செய்ததுதான். சங்க காலத்து முத்திரையை அதன் மேல் குத்துவதுதான் உறுத்துகிறது.

ஆதிரையின் கணவன் பெயர் பட்டியலில் எங்கும் இல்லை. சாதுவன். மனைவியைப் பிரிந்து, வேறொருத்தி வீட்டில் கிடந்து, சூதாடிப் பொருளையெல்லாம் தொலைத்து, கப்பலேறி, கப்பலும் கவிழ்ந்து, நாகர் மலையில் கரை ஒதுங்குகிறான். அங்கிருந்தவர்கள் மனிதரைக் கொன்று தின்பவர்கள். அவர்களுடைய மொழி இவனுக்குத் தெரிந்திருந்ததால் பிழைக்கிறான். பிழைத்ததோடு நிற்காமல், கப்பல் உடைந்து கரைக்கு வருபவர்களைக் கொல்லாதீர்கள் என்று அவர்கள் தலைவனிடம் பேசி ஒப்புக்கொள்ளவும் வைக்கிறான். கெட்டுப்போய்த் திருந்திய ஒருவன், அயல்மொழி கற்றதால் தன் உயிரையும் பிறர் உயிரையும் காத்தவன். பெயரும் சின்னது, பாட்டி வாயில் சுலபமாக நுழையும். ஒருவர்கூட வைப்பதாகத் தெரியவில்லை.

ஒற்றைச் சொல் பொருளை மட்டும் பார்த்தால் தமிழின் பெரிய பெயர்கள் பல தேர்வில் தோற்றுவிடும். கரிகாலனை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவயதில் தீயில் கால் கரிந்ததால் வந்த பெயர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ‘பொருள்: கால் வெந்தவன்’ என்று பட்டியலில் போட்டால் எந்தத் தாய் அதைத் தொடுவாள்? கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் பெயருக்கு நிகண்டைப் புரட்டினால் கிழநரி என்றும் ஒரு பொருள் கிடைக்கும். ஆனால் ஓரி என்றதும் நினைவுக்கு வருவது ஒரே அம்பில் பல விலங்குகளைத் துளைத்த வில்லும், அவன் குதிரைக்கும் ஓரி என்றே பெயர் இருந்ததும்தான். அகராதி தராத பொருளை அந்தப் பெயரைச் சுமந்த ஆள் தந்துவிட்டுப் போயிருக்கிறார். ஆகவே யார் அவர், என்ன செய்தார், அவருக்கு என்ன ஆனது என்று கேட்பதுதான் இலக்கியப் பெயரைத் தேர்வதில் முதல் வேலை.

அந்த வேலையைச் செய்தால் சில சங்கடங்களும் வரும். கடையெழு வள்ளல்களில் ஓரியும் ஒருவன், திருமுடிக்காரியும் ஒருவன். இரட்டைப் பிள்ளைகளுக்கு ஓரி, காரி என்று வைத்தால் என்ன பொருத்தம் என்று தோன்றும். ஓரியைக் கொன்றவனே காரிதான். கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். அதேபோல முதல் பிள்ளைக்குக் குமணன் என்று வைத்தவர்கள், இரண்டாவதும் பையனாகப் பிறந்தால் இளங்குமணன் என்று வைக்க ஆசைப்படலாம். தயவுசெய்து வேண்டாம். அண்ணனைக் காட்டுக்குத் துரத்தி நாட்டைப் பிடித்து, அவன் தலைக்கு விலையும் வைத்தவன் இளங்குமணன்.

இரண்டு நன்னன்கள்

ஒரே பெயரில் இருவர் இருப்பதும் உண்டு. ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்றாள் என்பதற்காக ஒரு பெண்ணைக் கொன்றவன் நன்னன். அவள் எடைக்கு எடை பொன் பாவையும், யானைகளும் தருகிறோம் என்று அவள் தரப்பார் கெஞ்சியும் கேட்கவில்லை. குறுந்தொகையில் பரணர் இதைச் சொல்கிறார். பெண்கொலை புரிந்த நன்னன் என்ற பழி இரண்டாயிரம் ஆண்டாக நிற்கிறது. ஆனால் பத்துப்பாட்டின் மலைபடுகடாம் முழுவதும் இன்னொரு நன்னனைப் பற்றியது. செங்கத்தைச் சேர்ந்த, கூத்தர்களுக்கு வாரி வழங்கிய நன்னன் சேய் நன்னன். தொலைக்காட்சியில் ஓர் ஆசிரியராக வந்து பல்லாயிரம் பேருக்குத் தமிழ் எழுத்தும் இலக்கணமும் சொல்லித்தந்த புலவர் மா. நன்னனின் இயற்பெயர் திருஞானசம்பந்தன். தமிழை இவ்வளவு துல்லியமாகப் படித்த ஒருவர் மாங்காய்க் கதையை அறியாமலா இந்தப் பெயரைச் சூடியிருப்பார்? இன்று நன்னன் என்றதும் பலருக்கு அந்த ஆசிரியரின் முகம்தான் வருகிறது. பெயர் மூன்றாவது ஆளிடம் வந்து நல்ல பெயர் எடுத்துவிட்டது.

நெடுஞ்செழியனும் இப்படித்தான். தலையாலங்கானத்தில் ஏழு பேரை எதிர்த்து வென்ற பாண்டியனும் நெடுஞ்செழியன், கோவலனைக் கொலைக்களத்துக்கு அனுப்பிய பாண்டியனும் நெடுஞ்செழியன். இரண்டாமவன், தான் தவறிவிட்டது தெரிந்த அந்த நொடியிலேயே அரியணையில் உயிரை விட்டான். கல்வியின் சிறப்பைச் சொல்லும் புறநானூற்றுப் பாடல் ஒன்றும் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பெயரில்தான் இருக்கிறது. 1920இல் பிறந்த நாராயணசாமி இந்தப் பெயரை எடுத்துக்கொண்டு நாவலர் நெடுஞ்செழியன் ஆனார். அவர் தம்பி சீனிவாசன் இரா. செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார்.

இது ஏதோ திராவிடக் கட்சிக்காரர்களின் விளையாட்டு என்று நினைத்துக் கடந்துவிடுவது எளிது. நூறாண்டு வரலாறு இதன் பின்னால் இருக்கிறது. சூரியநாராயண சாஸ்திரி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பரிதிமாற்கலைஞர் என்று கையெழுத்திட்டுப் பார்த்தார். 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய சுவாமி வேதாசலம், மறைமலையடிகள் ஆனார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. பட்டம் போன இடத்தில் வெறும் பெயர் மட்டும் நின்றது. அந்தப் பெயர் நன்றாக இருக்க வேண்டும் என்ற தேவை அப்போதுதான் உறைத்தது. இலட்சுமணனாக இருந்த தமிழறிஞர், கம்பன் எழுதிய வடிவிலேயே இலக்குவனார் ஆனார். தம் பிள்ளைகளில் ஒருவருக்கு மறைமலை, இன்னொருவருக்குத் திருவள்ளுவன் என்று பெயர் வைத்தார். இராசமாணிக்கமாகப் பிறந்தவர் பெருஞ்சித்திரனார் ஆனார்.

இந்தக் கடைசிப் பெயர்தான் இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. சங்ககாலப் பெருஞ்சித்திரனார் அரசனும் அல்ல, வீரனும் அல்ல. வீட்டில் பால் இல்லாமல் மகன் காலிச் சட்டியைத் திறந்து பார்த்து அழுவதைப் பாடிய ஏழைப் புலவர். அந்த நிலையிலும், தன்னை நேரில் பார்க்காமலேயே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசை வேண்டாம் என்று திருப்பியவர். குமணனிடம் வாங்கி வந்ததைக்கூட, அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் கொடு, நமக்கென்று வைத்துக்கொள்ளாதே என்று மனைவியிடம் சொன்னவர். 20ஆம் நூற்றாண்டில் ஒருவர் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு ‘தென்மொழி’ இதழை நடத்தினார் என்றால், அது தனக்குத் தானே போட்டுக்கொண்ட ஒரு நிபந்தனை.

பெயர் மாற்றத்தின் அடியில் வலி இருந்த இடங்களும் உண்டு. முதல் இரண்டு பிள்ளைகள் தங்காத வீட்டில் மூன்றாவதுக்குக் குப்பன் என்றும் பிச்சை என்றும் பெயர் வைப்பார்கள். எமனுக்கே வேண்டாத பிள்ளை என்று காட்டிக்கொள்ளும் தந்திரம் அது. அதில் அன்பு இருந்தது. ஆனால் சாதியின் பெயரால் நல்ல பெயர் வைத்துக்கொள்ளவே விடாத ஊர்களும் இருந்தன. வைத்தாலும் மேல்தெருவில் அதை வெட்டிச் சிதைத்துத்தான் கூப்பிடுவார்கள். அங்கே பிறந்த ஒரு பிள்ளைக்குச் செழியன் என்றோ வளவன் என்றோ பெயர் வைப்பது அழகுணர்ச்சியைச் சேர்ந்த விஷயமே அல்ல. பட்டினப்பாலை கரிகாலனை அழைக்கும் பெயர் திருமாவளவன். அந்தப் பெயரைத் தாங்கிய நம் காலத்து அரசியல் தலைவர், இராமசாமி என்ற தம் தந்தைக்குத் தொல்காப்பியன் என்று பெயரிட்டார். அவருடைய ‘தொல்.’ என்ற முன்னெழுத்து அப்படி வந்தது. அப்பனுக்கு மகன் பெயர் வைத்த இந்தக் கதையைச் சொல்லாமல் தமிழ்நாட்டின் பெயர் வரலாற்றை எழுத முடியாது.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்தது. புலவர் குழந்தை 1946இல் ‘இராவண காவியம்’ எழுதினார். 1948இல் அரசு அதைத் தடை செய்தது, 1971இல்தான் தடை நீங்கியது. அந்தக் காலத்துச் சூட்டில் பிறந்த இராவணன்கள் சிலர் இன்று தாத்தாக்களாக இருக்கிறார்கள். அவர்களின் பேரன்களுக்குப் பெரும்பாலும் ஷ்-இல் முடியும் பெயர்.

தொடர்கதை வாரிசுகள்

வார இதழ்கள் பெயர் வைத்த காலம் ஒன்று உண்டு. நா. பார்த்தசாரதி ‘மணிவண்ணன்’ என்ற புனைபெயரில் கல்கியில் எழுதிய ‘குறிஞ்சி மலர்’ வெளிவந்தபோது, அரவிந்தன் என்றும் பூரணி என்றும் வாசகர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தார்கள். பின்னாளில் தூர்தர்ஷனில் அது தொடராக வந்தபோது அரவிந்தனாக நடித்தவர் மு.க. ஸ்டாலின். கதையில் அரவிந்தன் இலட்சியவாதி, எளிமையானவன், அச்சகத்தில் வேலை பார்ப்பவன். பூரணியைக் கைப்பிடிக்காமலேயே இளம்வயதில் இறந்தும் போகிறான். கோவலனைத் தவிர்த்த அதே தமிழர்கள் அரவிந்தனை மட்டும் எப்படி ஏற்றார்கள்? கோவலனின் சாவில் அவன் தவறும் கலந்திருக்கிறது, அரவிந்தனிடம் குற்றமே இல்லை. சாவு நமக்குத் தடை இல்லை, களங்கம்தான் தடை போலிருக்கிறது. பாரியும் மூவேந்தரால் வஞ்சகமாகக் கொல்லப்பட்டவன்தான். அந்தப் பெயரை வைக்க யாரும் தயங்குவதில்லை.

சாண்டில்யனின் ‘யவன ராணி’ இளஞ்செழியனை வீட்டுக்குள் கொண்டு வந்தது. இடதுசாரிக் குடும்பங்களில் கார்க்கியின் ‘தாய்’ நாவலிலிருந்து பாவெல் வந்தான். தொ.மு.சி. ரகுநாதனின் மொழிபெயர்ப்பில் அந்த நாவலைப் படித்து அழுதவர்கள் தங்கள் மகனுக்கு அந்த ரஷ்யத் தொழிலாளியின் பெயரை வைத்தார்கள். தமிழில் பாத்திரத்தின் பெயர் வெளிப்படையாக, முழு விருப்பத்தோடு சூட்டப்பட்ட இடங்களில் இதுவும் ஒன்று.

‘பொன்னியின் செல்வன்’ இரண்டு முறை பெயர் தந்தது. 1950களில் கல்கியின் எழுத்தாக ஒருமுறை, 2022, 2023இல் மணிரத்னத்தின் படங்களாக மறுமுறை. வந்தியத்தேவன் என்ற குறும்புக்காரன் கல்கியின் கற்பனை. ஆனால் வல்லவரையர் வந்தியதேவர் என்ற பெயர், குந்தவையின் கணவராகத் தஞ்சைக் கல்வெட்டில் இருக்கிறது. அருண்மொழி ராஜராஜனின் இயற்பெயர். பெரியபுராணம் பாடிய குன்றத்தூர்ச் சேக்கிழாரின் இயற்பெயரும் அருண்மொழித்தேவர்தான். ஒரே பெயரில் பெரிய கோயிலைக் கட்டியவரும் பெரிய புராணத்தைப் பாடியவரும் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட இரட்டை லாபம் வேறு பெயரில் கிடைப்பது கடினம். படம் வந்த பிறகு ஆதித்த கரிகாலன் என்ற பெயர் மேல் மோகம் கூடியிருக்கிறது. அவன் கொல்லப்பட்டதும், ரவிதாசன் உள்ளிட்டோர் அதற்குக் காரணம் என்பதும் உடையார்குடிக் கல்வெட்டிலேயே இருக்கும் செய்தி. தெரிந்து வைத்தால் சரி.

பரணியில் பிறந்தால் பாடுதான்

விருப்பம் இருந்தும் வைக்க முடியாமல் போவதற்கு வீட்டுக்குள்ளேயே பல தடைகள். முதலாவது நட்சத்திர எழுத்து. கார்த்திகையில் பிறந்த பிள்ளைக்குப் பஞ்சாங்கம் தரும் எழுத்துகள் அ, இ, உ, எ. அதிர்ஷ்டசாலி, அதியன் முதல் இளங்கோ வரை எல்லாம் கிடைக்கும். ரோகிணிக்கு ஓ, வ, வி, வூ. ஓரி, வளவன், வழுதி என்று மூன்று நல்ல பெயர் உடனே தயார். பரணியில் பிறந்தவன் பாடுதான் திண்டாட்டம். லி, லூ, லே, லோ. லகரத்தில் தொடங்கும் தமிழ்ச் சொல்லே கிடையாது, அந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்று தொல்காப்பியம் அன்றே சொல்லிவிட்டது. ஆக, பரணிப் பிள்ளைக்கு ஜோசியரையும் தொல்காப்பியரையும் ஒருசேரத் திருப்திப்படுத்த முடியாது. ஊரில் இத்தனை லோகேஷ்கள் இருப்பதற்கு இலக்கணமும் ஒரு காரணம்! அந்த எழுத்துகள் வடமொழிப் பெயர் மரபுக்காக அமைந்தவை. தமிழ்ப் பெயர்தான் வேண்டும் என்பவர்கள் அதை ஒதுக்கிவிடுவதே நல்லது என்பது என் கட்சி. மாமியார் கட்சி வேறாக இருக்கும்.

அதற்கடுத்தது எண்கணிதம். கபிலனுக்கு ஆங்கிலத்தில் இரண்டு ‘என்’ போடச் சொல்வார்கள், செழியனுக்கு ஓர் ‘ஏ’ கூடும். சான்றிதழ் ஒன்றில் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் பதிவாகி, கடவுச்சீட்டு எடுக்கும்போது தலைவலி கொடுக்கும். ழகரத்தை ஆங்கிலத்தில் ‘இசட் எச்’ என்று எழுதினால் வடக்கே ‘செஜியன்’ என்பார்கள், ‘எல்’ போட்டால் நம் ஊரிலேயே சிலர் முகம் சுளிப்பார்கள். இதற்குப் பயந்து ழகரப் பெயரை விட்டுவிட வேண்டியதில்லை. பெங்களூரிலும் பாஸ்டனிலும் எழிலன்கள் சமாளித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எழுத்துக்கூட்டை முதல் நாளே ஒன்றாக முடிவு செய்து, பிறப்புச் சான்றிதழிலிருந்து அதையே தொடர்வதுதான் முக்கியம்.

பெயரின் நீளம் பற்றி ஒரு சொல். பெருவழுதி, சேந்தன்பூதன் எல்லாம் ஏட்டில் கம்பீரம்தான். ஆனால் பெயர் என்பது தினமும் ஐம்பது முறை கூப்பிடப்படுவது. “ஏய் சென்னி, இங்க வா” என்று வாசலிலிருந்து கத்திப் பார்க்க வேண்டும். மூன்று எழுத்துக்கு மேல் போனால் தெரு அதைத் தானே வெட்டிக்கொள்ளும். இளஞ்செழியன் ‘செழியா’ ஆனால் நல்லது, ‘இளஞ்சு’ ஆனால் வளர்ந்த பிறகு அவன் உங்களைத்தான் கேட்பான்.

தாத்தா பெயர் பிரச்சினையும் இருக்கிறது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் பழைய வழக்கம். சோழர்கள் பட்டப் பெயரிலேயே இந்த முறையைக் கடைப்பிடித்தார்கள், ராஜகேசரியும் பரகேசரியும் மாறி மாறி வரும். தாத்தா கோவிந்தசாமியாக இருந்து, பையனுக்குக் கபிலன் என்று வைக்க ஆசை என்றால், வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் என்பதுதான் பழகிய சமரசம். யாருக்கும் இதில் நஷ்டமில்லை.

போர்க்களமும் நெய்ச்சோறும்

ஆண் பிள்ளைப் பெயர்களில் இன்னொரு சிக்கலையும் பேச வேண்டும். சங்க இலக்கியத்து அரசர் பெயர்களைத் தொட்டால் கையில் ரத்தம் ஒட்டும். வென்ற ஊர், எரித்த ஊர், கொன்ற பகைவன் என்றுதான் அவர்களின் புகழ் எழுதப்பட்டிருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சி, புதிதாகப் பிறந்த தன் மகனைப் பார்க்கப் போர்க்கோலத்தோடு வந்து நின்றதை ஔவையார் பாடியிருக்கிறார். கையில் வேல், காலில் கழல், உடம்பில் வியர்வை. பகைவரை நோக்கிச் சிவந்த கண், மகனைப் பார்த்த பிறகும் சிவப்பு மாறவில்லை. புறநானூற்றின் 100ஆம் பாடல். அந்தக் குழந்தைக்குத்தான் பொகுட்டெழினி என்று பெயர் என்பர். எழினி என்ற பெயரை இப்போது விரும்பி வைக்கிறார்கள், அது வந்த இடம் இது.

இதற்கு நேர் எதிராக ஒருவர் இருக்கிறார். பாண்டியன் அறிவுடைநம்பி. அவரும் அரசர்தான், ஆனால் நமக்குக் கிடைத்திருக்கும் அவருடைய புறநானூற்றுப் பாட்டில் போரே இல்லை. சாப்பிடும் இலைக்கு நடுவில் ஒரு குழந்தை குறுகுறுவென்று நடந்து வருகிறது. சிறு கையை நீட்டுகிறது, நெய்ச்சோற்றைத் தொடுகிறது, வாயில் வைக்கிறது, பிசைகிறது, உடம்பெல்லாம் அப்பிக்கொள்கிறது. பிள்ளைகள் இல்லாதவர்க்கு எவ்வளவு செல்வம் இருந்தாலும் வாழ்நாள் வீண் என்கிறார். பிள்ளை இல்லாதவர்களை வாழ்நாளே வீண் என்று சொல்வதை இன்று ஏற்க முடியாது. ஆனால் ஓர் அரசர் உட்கார்ந்து ஒரு பிள்ளையின் கையை இவ்வளவு பொறுமையாகப் பார்த்திருக்கிறார் என்பது அந்த இலக்கியத்தில் அபூர்வம். இதே அறிவுடைநம்பிக்குத்தான், வரியை அளவாக வாங்கு, யானை வயலில் புகுந்தால் தின்பதைவிட மிதித்துக் கெடுப்பதே அதிகம் என்று பிசிராந்தையார் புத்தி சொன்னார். சொல்லவும் முடிந்திருக்கிறது, அவர் கேட்கவும் செய்திருப்பார் போலிருக்கிறது. நம்பி என்று சுருக்கிக் கூப்பிடலாம். ஆண் பிள்ளைக்கு எந்தப் பெயரைச் சொல்வீர்கள் என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அடுத்து கபிலன். வழக்கமாகப் ‘புலவர்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறார்கள். குறிஞ்சியைப் பாடியதில் அவருக்கு நிகர் இல்லை என்பது இருக்கட்டும். நண்பன் பாரி இறந்த பிறகு, அவன் பெண்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு, மணம் முடித்து வைக்கக் குறுநில மன்னர்களின் வாசல்களில் ஏறி இறங்கியவர். விச்சிக்கோ மறுத்தான், இருங்கோவேள் மறுத்தான். மறுத்தவனை நயமாகத் திட்டிவிட்டு அடுத்த வாசலுக்குப் போனார். எந்த வீட்டிலும் இரண்டாம் தகப்பனாக ஒருவர் இப்படி நின்றிருப்பார், ஒரு சித்தப்பாவோ அப்பாவின் நண்பரோ. அவரை நினைத்து வைக்கலாம்.

பெயர் தொலைந்து போய், எழுதிய பாட்டே பெயராகிப் போனவர்களும் இருக்கிறார்கள். செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக்கோழியார், மீனெறி தூண்டிலார், ஓரேருழவர், தேய்புரிப் பழங்கயிற்றினார். ஆள் யாரென்று தெரியாமல் தொகுத்தவர்கள், பாட்டில் ஒளிவிட்ட உவமையை எடுத்து ஆளுக்குச் சூட்டிவிட்டார்கள். இலக்கியத்தோடு ஒரு பெயருக்கு இதைவிட நெருக்கமான தொடர்பு இருக்க முடியாது. குழந்தையைக் குப்பைக்கோழி என்று கூப்பிடச் சொல்லவில்லை. ஆனால் பிடித்த ஒரு வரியிலிருந்து ஒரு சொல்லை எடுத்து, பின்னால் ‘அன்’ விகுதி சேர்த்தோ முன்னால் ‘நன்’ சேர்த்தோ நீங்களே ஒரு பெயர் செய்துகொள்ளலாம் என்பதற்கு இவர்கள்தான் சான்று. ஆதிரன் என்று செய்தவர்களும் ஒருவகையில் இவர்கள் வழிதான்.

ஓராண்டு அவகாசம்

அவசரப்பட வேண்டியதில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்பதுதான் சட்டம். பெயர் இல்லாமலே பதிவு செய்யலாம். பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். அதன் பிறகும் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்க முடியும். ஆனால் அவ்வளவு தள்ளிப்போடுவது புத்திசாலித்தனம் அல்ல. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம் என்று எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று ஆகிவிட்டது. அதில் பதியும் எழுத்துக்கூட்டுதான் கடைசி வரை. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தரும்போது கூடவே நின்று சரிபார்த்து வாங்குங்கள். ளகரம் லகரமாகவும் றகரம் ரகரமாகவும் மாறிவிட்ட சான்றிதழ்கள் ஏராளம். பிறகு திருத்த அலைவது பெரும்பாடு.

அந்தப் பன்னிரண்டு மாதத்தில் புறநானூற்றை உரையோடு ஒருமுறை படித்துவிட முடியும். நானூறு பாட்டு, நாளைக்கு இரண்டு என்று வைத்தாலும் ஏழு மாதத்துக்குள் முடிந்துவிடும். பிள்ளை தூங்கும் நேரத்தில் கணவனும் மனைவியும் மாற்றி மாற்றி வாசிக்கலாம். வடக்கிருந்து உயிர்விட்ட கோப்பெருஞ்சோழனும், கடலில் மாய்ந்துபோன இளம்பெருவழுதியும், ஊரெல்லாம் தன் ஊர் என்ற பூங்குன்றனும் வரிசையாக வருவார்கள். அதற்குள் மாமனார் ஆளைப் பிடித்து ‘லோகித்’ என்று பதிவு செய்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.